கொக்கியின் உயரம்

நொச்சிக்குப்பத்தில் விடியற்காலையில் ஒரு ஃபைபர் படகு கரையேறுவதைக் கவனித்துப் பார்த்தால், பள்ளி இயற்பியல் புத்தகத்தில் பாதியை அங்கேயே படித்துவிடலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிப் போகும் லூப் ரோடு. ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் மணலும் கடலும். அலை உடையும் இடம் நெருங்கும்போது இன்ஜினைப் பிடித்திருப்பவர் அதன் நீண்ட வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறார். பின்னால் வரும் அலை படகைக் கரைமேல் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறது. கடலின் வேலை அத்தோடு முடிந்தது. மிச்சம் இருப்பது மணல்.

படகு, இன்ஜின், நனைந்த வலை, மீன் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணலில் வழுக்கும் படகின் அடிப்பகுதிக்கு உராய்வு அதன் எடையில் ஏறக்குறைய பாதி என்று கொண்டால், 500 கிலோ எடையைத் தூக்குவதற்கு வேண்டிய விசையோடு இழுக்க வேண்டும். கரை பத்தடிக்கு ஓரடி ஏறுகிறது என்றால் அதற்கு இன்னும் ஒரு 100. மொத்தம் 600. காலடியில் மணல் நழுவிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆள் 30 கிலோ விசையைத் தொடர்ந்து கொடுத்தாலே பெரிது. ஆக இருபது பேர் வேண்டும். "ஐலசா" என்ற குரல் இங்கேதான் கருவியாகிறது. நின்றிருக்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைந்துவிட்டதைத் தொடர்ந்து நகர்த்த வேண்டிய விசையைவிட அதிகம். இருபது பேர் இருபது வெவ்வேறு கணங்களில் இழுத்தால் அந்த முதல் தடையைத் தாண்டவே முடியாது. ஒரே கணத்தில் இழுத்தால் தாண்டலாம். குரல் அந்தக் கணத்தைக் குறித்துக் கொடுக்கிறது.

கட்டுமரக் காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் கட்டுமரம் வெறும் கட்டைகள்தான். இரண்டிரண்டு பேராகத் தோளில் தூக்கிப்போய் வெயிலில் காயவைத்துவிடலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. ஃபைபர் படகை அவிழ்க்க முடியாது. அது முழுதாக வந்து, முழுதாக ஏற வேண்டும். ஆகவே சோழமண்டலக் கரையின் பல குப்பங்களில் வயலுக்கென்று பிறந்த டிராக்டர் மணலுக்கு வந்து சேர்ந்தது. நாள்தோறும் படகு ஏற்றுவதற்குக் கொஞ்சம், புயல் எச்சரிக்கை வந்த மாலைகளில் நிறைய.

இந்த அத்தியாயம் அந்த டிராக்டரைப் பற்றியதுகூட இல்லை. அதற்குப் பின்னால் நாம் பற்றவைத்து மாட்டும் இரும்பைப் பற்றியது.

குப்பத்தில் ஒருவர் மினி டிராக்டர் ஒன்றை வாங்குகிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். பழத்தோட்டத்திலும் பருத்தி வரிசைக்கு நடுவிலும் ஓட்டுவதற்கென்று செய்யப்படும் சின்ன வகை: 18 குதிரைத்திறன், 800 கிலோ எடை. விலை குறைவு, குறுகிய சந்திலும் திரும்பும், டீசலும் அதிகம் குடிக்காது. படகை இழுக்குமா? திறன் கணக்கைப் பார்த்தால் தாராளமாக. 600 கிலோ விசையோடு வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டிய திறன் சுமார் 3 கிலோவாட், அதாவது 4 குதிரைத்திறன். கையில் இருப்பதோ 18. நாலு மடங்குக்கும் மேல்.

ஆனால் கயிற்றைக் கட்டிக் கிளட்சை விட்டதும் பின்சக்கரம் சுழலும், மணல் பீய்ச்சியடிக்கும், டிராக்டர் நின்ற இடத்திலேயே தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும். இன்ஜினிடம் திறன் இருக்கிறது. டயரிடம் பிடிமானம் இல்லை. 800 கிலோவில் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பது சுமார் 500 கிலோ. உலர்ந்த மணலில் டயர் தன்மேல் இருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் இழுவையாக மாற்றும். 0.35 என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 175 கிலோ. தேவை 600. இன்னும் பெரிய இன்ஜினை வாங்கினாலும் எடை கூடாதவரை இந்த 175 மாறாது. மணலில் சிக்கிய வண்டியை ஆக்ஸிலேட்டரை மிதித்து வெளியே எடுக்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு பெருக்கலைப் போடாதவர்கள்.

மணலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெரினாவின் மணல் பெரும்பகுதி அங்கேயே இருந்ததல்ல. இந்தக் கரையோரம் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. மணல் கிடைக்காத வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஆங்கிலேயர் காலத்துப் பொறியாளர்கள் எழுப்பிய ஒரு சுவரின் பக்கவிளைவில்தான் இன்று படகை இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மணலின் நடத்தை ஈரத்துக்கு ஈரம் மாறும். அலை தொட்டுப்போன ஈர மணலில் சைக்கிள்கூட ஓட்டலாம். பத்தடி மேலே உலர்ந்த மணலில் நடப்பதே கஷ்டம். ஈர மணலில் துகளுக்கும் துகளுக்கும் இடையே நீர் சின்னச் சின்னப் பாலமாக நின்று, பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. காய்ந்தால் பாலம் இல்லை. நீரில் முழுக்க மூழ்கினாலும் பாலம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும்தான் மணல் தரையைப் போல நடந்துகொள்கிறது. குப்பத்துக் குழந்தைகள் எல்லோரும் பார்த்த இன்னொரு வேடிக்கை: ஈர மணலில் காலை அழுத்தினால் காலைச் சுற்றி ஒரு வெளிறிய வட்டம் சட்டென்று தோன்றி மறையும். அழுத்தினால் நீர் பிதுங்கி வெளியே வரத்தானே வேண்டும்? மாறாக உள்ளே போகிறது. 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் சொன்னார். நெருக்கமாக அடுக்கப்பட்ட துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரள வேண்டுமானால் முதலில் விலகியாக வேண்டும். விலகினால் இடைவெளி பெரிதாகும். மேலே இருந்த நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடும். டயர் மணலை அழுத்திப் புரட்டும்போதும் இதுவேதான் நடக்கிறது. ஒருமுறை புரண்ட மணல் இளகிப்போய்விடும். அதனால் முதல் தடவையே இழுத்துவிட வேண்டும். நழுவிய தடத்திலேயே இரண்டாவது தடவை முயன்றால் பிடிமானம் இன்னும் குறையும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். டிராக்டரின் பின்னால் எதை மாட்டினாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: கொக்கி தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்க வேண்டும்? பார்ப்பதற்கு அற்பமான கேள்வி. டிராக்டரின் வரலாற்றில் இதைவிட அதிகம் பேரைக் கொன்ற கேள்வி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மினி டிராக்டரின் முன்சக்கரங்கள் மேல் 300 கிலோ இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.4 மீட்டர். பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றி, டிராக்டரின் மூக்கைக் கீழே பிடித்து வைத்திருக்கும் திருப்புவிசை 300 பெருக்கல் 1.4, அதாவது 420. படகின் கயிறோ மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. அதன் பங்கு, இழுவையைக் கொக்கியின் உயரத்தால் பெருக்கினால் வருவது. கயிற்றை சீட்டுக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்தில் கட்டினால், இழுவை 420 கிலோவைத் தொட்டதும் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதே கயிற்றை 35 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டினால், மூக்கைத் தூக்க 1,200 கிலோ இழுவை வேண்டும். அவ்வளவு இழுக்க இந்த டிராக்டருக்கு எந்தத் தரையிலும் முடியாது. டிராக்டர் பின்புறமாகப் புரள ஆரம்பித்தால் ஓட்டுபவரின் தலைக்கு மேல் அது வந்து சேர ஒன்றரை வினாடி போதும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குப் படுவதற்குள் திரும்ப முடியாத கட்டம் கடந்திருக்கும்.

வட அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் முதல் உலகப்போர் காலத்தில் டிராக்டர்களின் வேலையைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்தார். ஏர் ஒரு பாறையில் சிக்கினால் டிராக்டர் குதிரையைப்போல எழும்பிப் புரளும் காலம் அது. அவர் ஏரைக் கயிறு போல ஒற்றைப் புள்ளியில் இழுக்காமல், கீழே இரண்டு தண்டு, மேலே ஒரு தண்டு என்று முக்கோணமாகப் பிணைத்தார். ஏர் பின்னுக்கு இழுக்கும்போது மேல்தண்டு டிராக்டரை முன்னுக்கு அழுத்தும். மூக்கு கீழே நிற்கும். ஏரின் பாரமும் பின்சக்கரத்தில் ஏறி இழுவையைக் கூட்டும். 1920-களில் காப்புரிமை, 1936-இல் அவர் பெயரிலேயே டிராக்டர், 1939-இல் ஹென்றி ஃபோர்டோடு சேர்ந்து பெரிய அளவில் உற்பத்தி. இன்று உலகில் எந்த வயலில் நிற்கும் டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும் அந்த மூன்று புள்ளிகள் இருக்கும். நம் ஊர்க்காரருக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல. 1960-இல் தொடங்கிய சென்னையின் டாஃபே நிறுவனம் செம்பியத்தில் செய்து ஓடவிட்ட மாஸி பெர்குசன் டிராக்டரின் பெயரில் பாதி இவருடையது. கிராமத்தில் "மாசி வண்டி" என்று சொல்லும்போது பாவம், பெர்குசன் விடுபட்டுப் போகிறார்.

கவனிக்க வேண்டியது, கயிறு கட்டி இழுக்கும்போது அந்த முக்கோணம் உதவாது. மேல்தண்டு மாட்டும் புள்ளி, கைக்கு எட்டும் உயரத்தில் வசதியாக இருக்கிறதே என்று அங்கே கயிற்றைக் கட்டினால் பெர்குசன் மூடிய கதவை நாமே திறந்துவிடுகிறோம். "ண்ணா, கயித்த கீழ கட்டு" என்று கரையில் யாராவது குரல் கொடுத்தால் அது கோடி பெறும் பொறியியல்.

இதில் ஒரு முரண் உண்டு. படகின் பக்கத்திலிருந்து யோசித்தால் கயிறு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது. படகின் மூக்கைச் சற்றே தூக்கிக் கொடுத்து உராய்வைக் குறைக்கும். உராய்வு எடையில் பாதி என்றால், இழுக்க மிகச் சிறந்த கோணம் 26 பாகைக்கு மேல். படகுக்கு நல்லது டிராக்டருக்குக் கெட்டது. கொக்கியைத் தாழ்த்தினால் படகின் மூக்கு வளையத்திலிருந்து கயிறு கீழ்நோக்கிச் சரிந்து மூக்கை மணலில் குத்தும். நீளமான கயிறு இந்தச் சரிவைத் தட்டையாக்கும். படகுக்கு அடியில் சக்கரம் வைத்தால் முரணே தீர்ந்துவிடும். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் இந்தக் கரையிலேயே ஏற்கெனவே வெற்றி பெற்ற ஓர் இணைப்பைப் பார்க்க வேண்டும்: படகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வால். இந்தப் படகுகளில் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்களைப் பார்க்கலாம். இத்தாலியில் 1933-இல் தொடங்கிய லொம்பார்தினி நிறுவனத்தின் வழிவந்த வகை இங்கே பரவலானது. அதன் உறவுக்கார இன்ஜின்களைத் தண்ணீர் பம்பிலும் சரக்கு ஆட்டோவிலும் நாம் கேட்டிருப்போம். கடலுக்கென்று பிறந்தது அல்ல. அதன் அச்சில் ஒரு நீண்ட தண்டு, தண்டின் நுனியில் ஒரு புரோப்பெல்லர், மொத்தமும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்ப ஒரு கவை. அவ்வளவுதான் இணைப்பு. சுக்கான், தூக்கும் கருவி, செலுத்தும் கருவி மூன்றும் ஒரே தண்டில் அடக்கம். தாய்லாந்தின் நீள்வால் படகுகள் இந்த யோசனைக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்தன.

தண்டு ஏன் அத்தனை நீளம்? இன்ஜின் நீர்மட்டத்துக்கு மேலே, புரோப்பெல்லர் கீழே. இடைப்பட்ட உயரம் 1.1 மீட்டர் என்று கொள்வோம். 2 மீட்டர் தண்டு போட்டால் அது 33 பாகை சரிந்து நிற்கும்; தள்ளுவிசையில் 16 சதவீதம் படகை முன்னே தள்ளாமல் வீணாகும். 3 மீட்டர் என்றால் இழப்பு 7 சதவீதம். 4 மீட்டர் என்றால் 4. அப்படியானால் 6 மீட்டர் போடலாமே என்று கேட்டால், நீண்ட தண்டு சாட்டை போல அதிர ஆரம்பிக்கும். நீளம் இரண்டு மடங்கானால் அதிர்வு தொடங்கும் வேகம் நாலில் ஒரு பங்காகக் குறையும். கோணமும் அதிர்வும் பேரம் பேசி முடித்த நீளம்தான் அந்த வால். உலக உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1980-களில் சென்னையிலிருந்து இதே கேள்வியோடு வேலை செய்தது. அலை உடையும் கரையில் ஏறும் படகுகளை வடிவமைத்தார்கள். இன்ஜின், தண்டு, புரோப்பெல்லர் மூன்றும் ஒரே துண்டாகச் சாய்ந்து எழும் அமைப்பைச் செய்து 1986-இல் அறிக்கையும் வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தின் வாரிசான அமைப்பின் அலுவலகம் இன்றும் அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் ரோட்டில் இருக்கிறது. நொச்சிக்குப்பத்துக்கு ஆட்டோ பிடித்தால் மீட்டர் சூடாவதற்குள் வந்துவிடலாம்.

ஒன்றுக்கென்று பிறந்த இன்ஜினை இன்னொன்றில் மாட்டும் இதே குணம் நாடெங்கும் உண்டு. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி 1994-இல் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு சக்கர அச்சும் கொத்துகள் மாட்டும் சட்டமும் பொருத்தி நிலத்தை உழுதார். சென்னையின் மீன்பாடி வண்டியும் இந்தக் குடும்பம்தான்: பழைய ஸ்கூட்டரின் இன்ஜின், மூன்று சக்கரம், ஒரு பலகை. சட்டத்தின் பார்வையில் அது ஓடக்கூடாத வண்டி. பொறியியலின் பார்வையில் பிரேக் சரியில்லாத வண்டி. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

சரி, நம் டிராக்டருக்கு என்ன மாட்டலாம்? முதலில் எனக்குத் தோன்றுவது டிராக்டரில் மாட்டுவதே இல்லை. படகுக்கு அடியில் நுழையும் ஒரு தாழ்ந்த தள்ளுவண்டி. இரண்டு சேனல் இரும்பு, ஒரு பழைய அச்சு, அகலமான டயர் இரண்டு. டயரில் காற்றைக் குறைவாக வைக்க வேண்டும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் கிட்டத்தட்ட உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே. காற்றைப் பாதியாகக் குறைத்தால் தடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, டயர் மணலுக்குள் புதைவதை விட்டு மேலே மிதக்கும். இப்படிச் செய்தால் தடை எடையில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கும் என்று கொள்ளலாம். 200, ஏற்றத்துக்கு 100, ஆக 300. ஒரே வெல்டிங்கில் 600 பாதியானது.

டிராக்டரிடம் இருப்பதோ 175. தாழ்ந்த கொக்கியால் கொஞ்சம் பாரம் பின்னுக்கு மாறுவதையும் சேர்த்தால் 190. இன்னும் 110 குறைகிறது. அடுத்த இணைப்பு ஒரு கப்பி. தள்ளுவண்டியில் கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு நுனியைக் கரை மேட்டில் குறுக்காகப் புதைத்த பனங்கட்டையில் கட்டி, மறுநுனியை டிராக்டருக்குக் கொடுத்தால் பாரத்தைக் கயிற்றின் இரண்டு பிரிவுகள் பங்கு போட்டுக்கொள்ளும். டிராக்டருக்கு 150, உராய்வு இழப்போடு 165 என்று வைத்தாலும் 190-க்குள் அடக்கம். விலை என்ன? டிராக்டர் இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டும். மெரினாவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதற்குத்தான் துறைமுகச் சுவர் மணலைச் சேர்த்து வைத்திருக்கிறது.

வயல்காட்டில் பழகியவர் வேறு யோசனை சொல்வார்: கேஜ் வீல். சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக்கூட்டுச் சக்கரம். அது மணலைக் கவ்வினால் பிடிமானம் 0.35-லிருந்து 0.6 வரை ஏறும் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கப்பி இல்லாமலே 350 கிலோ இழுக்கும். தள்ளுவண்டியின் 300-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கொக்கியின் கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். வெறும் டயர் இருந்தவரை, கயிற்றை ஒரு மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தாலும் மூக்கு எழும்ப வேண்டிய 420 கிலோ இழுவை வருவதற்கு வெகு முன்பே சக்கரம் நழுவிவிடும். நழுவல் எரிச்சலூட்டியது, ஆனால் அதுதான் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது. கேஜ் வீல் மாட்டியதும் டிராக்டரின் முழு எடையும் பின்னால் வரும்போது 480 கிலோ வரை இழுக்கும். இப்போது நழுவுவதற்கு முன்பு புரளும். கொக்கி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாற்றியது சக்கரத்தை மட்டும்தான். ஓர் இணைப்பைத் தனியாக எடை போடவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கேஜ் வீலுக்கு இன்னொரு வம்பும் உண்டு: அதோடு லூப் ரோட்டில் ஏற முடியாது. தார்ச்சாலையைக் கிழித்துவிடும். நடவுக் காலத்தில் மாவட்டங்களில் இதற்காகவே எச்சரிக்கை வெளியிடுவார்கள்.

நான்காவதாக வின்ச். டிராக்டர் நகராமல் நின்றபடியே கயிற்றைச் சுருட்டும். இன்ஜினின் சுழற்சியை வெளியே எடுத்துக் கொடுக்க, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்; 1920-களில் அமெரிக்காவில் நிலைபெற்ற வேகம் அது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் கயிறு வினாடிக்கு 30 சென்டிமீட்டர் ஏற வேண்டுமானால் உருளை நிமிடத்துக்கு 29 சுற்றுதான் சுற்ற வேண்டும். வேகத்தைப் பத்தொன்பதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். புதுப்பேட்டைக்குப் போனால், உடைத்த வண்டியின் டிஃபரென்ஷியல் ஒன்று நாலுக்கு ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கும். ஐந்துக்கு ஒன்றாக ஒரு செயினும் பல்சக்கரமும் சேர்த்தால் இருபது. கணக்கு அழகாக உட்காருகிறது. தேவைப்படும் திறன் இரண்டரை குதிரைத்திறன்கூட இல்லை. டயரின் பிடிமானத்துக்குப் பதில், டிராக்டரின் பின்னால் மணலில் குத்தி நிற்கும் ஓர் இரும்புப் பலகை நங்கூரமாகிறது. கயிறு இழுக்க இழுக்க அது ஆழமாகப் புதையும்.

காகிதத்தில் வின்ச்தான் வெற்றி. ஆனாலும் என்னைக் கேட்டால் கப்பியைத்தான் சொல்வேன். 540 சுற்று என்பது வினாடிக்கு 9 சுற்று. 35 மில்லிமீட்டர் தண்டு ஒரு சுற்றில் 11 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டும். வினாடிக்கு ஒரு மீட்டர். மூட்டு இருக்கும் பருத்த இடத்தில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். கைலியும் தோள்துண்டும் காற்றில் பறக்கும் கடற்கரையில், மூடியில்லாத பி.டி.ஓ. தண்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அங்கேயோ நூறு பேர் நிற்பார்கள், அதில் இருபது பேர் வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்கள். கயிறும் அப்படித்தான். நைலான் கயிறு இழுபட இழுபட ரப்பரைப் போல ஆற்றலைச் சேமித்து வைக்கும். அறுந்தால் அத்தனையும் ஒரே அடியாகத் திரும்பி வரும். கயிற்றின் நடுவில் ஓர் ஈரக் கோணியைப் போட்டு வைத்தால் அறுந்த நுனியின் வேகத்தைக் கொஞ்சமாவது அது வாங்கிக்கொள்ளும். கயிற்றின் நேர்கோட்டில் நிற்காமல் இருப்பது அதைவிட நல்லது.

இனி வெல்டிங். பட்டறைகளில் ஒரு பழக்கம்: "கெட்டியா இருக்கட்டும்" என்று லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொக்கி செய்வது. கெட்டிதான், சந்தேகமில்லை. ஸ்பிரிங் எஃகில் கரி அதிகம், ஏறக்குறைய 0.6 சதவீதம். சாதாரண ஆங்கிள் இரும்பில் அதில் பாதிகூட இருக்காது. பற்றவைக்கும்போது உருகும் இடத்தை ஒட்டிய பகுதி செக்கச்செவேலென்று சூடாகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சுவதால் நொடிகளில் ஆறிவிடுகிறது. கொல்லர் அரிவாளைத் தண்ணீரில் முக்கி விறைப்பேற்றுவதும் இதேதான். கரி அதிகமுள்ள எஃகு அங்கே கண்ணாடி போல விறைத்து நொறுங்கத் தயாராகும். போதாததற்குக் கடற்கரைக் காற்றின் ஈரம் வெல்டிங் ராடின் பூச்சில் ஏறி, உருகிய இரும்புக்குள் ஹைட்ரஜனாகப் புகும். பற்றவைத்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ மறுவாரமோ கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கும். சுத்தியால் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு எடுத்துப்போன கொக்கி, முதல் புயல் எச்சரிக்கை அன்று முறியும். கொக்கிக்குச் சாதாரண மென் எஃகுதான் சரி. மென் எஃகு முறிவதற்கு முன் வளையும், வளைவதைப் பார்த்து நாம் விலகிக்கொள்ளலாம். தடிமனைக் கூட்டிக்கொள்ளுங்கள், எஃகை மாற்றாதீர்கள். ராடை அடுப்புச் சூட்டில் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

துருவுக்கு முழு மருந்து இல்லை. உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேற்பூச்சைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துப் பிடித்து இரவெல்லாம் வேலை செய்யும். துருப்பிடிக்காத போல்ட்டை வாங்கிச் சாதாரண இரும்புச் சட்டத்தில் முறுக்கினால், உப்பு நீரில் இரண்டும் ஒரு பேட்டரியாகி, போல்ட் பளபளவென்று இருக்கச் சுற்றியுள்ள சட்டம் கரையும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட் மலிவு, அதுவே பொருத்தமும்கூட. குழாய் வடிவ இரும்பை விடத் திறந்த சேனல் நல்லது. குழாய்க்குள் ஏறிய உப்புநீர் வெளியே வராது, உள்ளிருந்து அரிப்பதும் தெரியாது. நாள் முடிவில் நல்ல தண்ணீரால் கழுவி, மூட்டுகளில் கிரீஸ் அப்புவதைத் தவிர வேறு ரகசியம் எதுவும் இல்லை. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் டிராக்டரைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்வது எப்படிக் கேட்கும் என்பது எனக்கும் தெரியும். ஒரு வாளியாவது கொக்கிக்கு ஊற்றலாம்.

கடைசியாக ஒன்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஆமை தோண்டும் குழி முழங்கையளவு ஆழம்தான். ஆர்வலர்கள் இரவில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். கண்ணில் படாமல் போகும் குழிகளும் உண்டு. குறைந்த காற்றும் அகன்ற டயரும் மேலே இருக்கும் மணலை அழுத்துவதைக் குறைக்கும். அதே கணக்கு, வேறொரு வாடிக்கையாளர். ஆனால் அகன்ற டயரும் தடம் விடும். பொரிந்து வந்த குஞ்சு கடலைப் பார்த்து ஊர்ந்து போகும்போது, நம் கணுக்கால் ஆழ டயர் தடம் அதற்குப் பள்ளத்தாக்கு. விழுந்தால் கடலுக்குப் போகாமல் தடத்தோடு தடமாக வடக்கேயோ தெற்கேயோ நடந்துகொண்டிருக்கும், விடிந்து காக்கை வரும்வரை.

இதற்கான இணைப்பு வயலில் ஏற்கெனவே இருக்கிறது: நாற்று நடும் முன் சேற்றைச் சமன் செய்யும் பரம்பு. ஒரு பலகை, இரண்டு துளை, ஒரு கயிறு. வெல்டிங் வேண்டாம், புதுப்பேட்டை வேண்டாம். கடைசிப் படகு ஏறியதும் அதே தாழ்ந்த கொக்கியில் மாட்டி, நீர்விளிம்பிலிருந்து மேடு வரை ஒருமுறை இழுத்துக்கொண்டு போனால் போதும். தடம் பின்னாலேயே மூடிக்கொண்டு வரும்.